வில்லங்கம் போட்டுப் பார்க்க இங்கே எந்த ஆபீஸ்?

கேள்வி: டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் ஏழு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். கோயிலில் பழக்கமான ஒருவர் தன் வீட்டை எங்களுக்கே தருவதாகச் சொல்கிறார். ஊரில் இடம் விற்ற பணமும் எங்கள் சேமிப்பும் சேர்த்து முழுத் தொகையையும் கொடுத்துவிடப் போகிறோம், வங்கிக் கடன் இல்லை. "கடனெல்லாம் அடைச்சாச்சு, ஏஜென்ட், டைட்டில் கம்பெனி எல்லாம் எதுக்கு வீண் செலவு, நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டா போதும்" என்கிறார். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் பார்த்தேன், உரிமையாளர் இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. மதுரையில் இருக்கும் என் மாமனாரோ "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா மாப்ளே?" என்று தினமும் போனில் கேட்கிறார். அதை இங்கே எங்கே போய் வாங்குவது? ஒரு இணையதளம் 40 டாலர் கட்டினால் எல்லா ஆவணமும் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்த 40 டாலரைக் கட்ட வேண்டாம். உங்கள் மாமனார் கேட்பது சரியான கேள்வி. அதற்கு இந்த நாட்டில் பதில் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். டல்லாஸ் பக்கத்தில் டைட்டில் எக்ஸாமினராக, அதாவது வீட்டுப் பத்திரங்களைப் பின்னோக்கித் தேடிப் படிப்பவராக, பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். வக்கீல் இல்லை. வக்கீலிடம் போக வேண்டிய இடம் வரும்போது சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரு விஷயம். ஊரில் வில்லங்கச் சான்று என்று ஒரு தாள் இருக்கிறது. கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட் எல்லாம் வரிசையாக வந்துவிடும். டெக்சாஸில் அப்படி ஒரு தாளை எந்த அரசு அலுவலகமும் தருவதில்லை. ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் சேர்த்துக் கட்டித் தர ஆள் கிடையாது. நாமேதான் கோக்க வேண்டும். அதுவும் இடத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிதான் கிடைக்கும். இங்கே பதிவேடு காலங்காலமாக ஆள் பெயரில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் ஒரு அகரவரிசை, வாங்கியவர் பெயர் இன்னொரு அகரவரிசை. நம் ஆட்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு எந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போல) என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஃப்ரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் கிழக்குப் பகுதி காலின் கவுண்டி, மேற்குப் பகுதி டென்டன் கவுண்டி. ப்ராஸ்பர், செலினா ஊர்களும் இப்படித்தான். டெக்சாஸில் மொத்தம் 254 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. தவறான கவுண்டியில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது" என்று நிம்மதி அடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடு காலின் பக்கம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். டென்டன் என்றாலும் முறை ஒன்றுதான், அலுவலகம்தான் வேறு.

நீங்கள் பார்த்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சொத்து வரிக்காக வீட்டுக்கு மதிப்புப் போடும் அமைப்பு. வரி நோட்டீஸ் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே பெயர் இருக்கிறது. நம் ஊரில் வீட்டு வரி ரசீது ஒருவர் பெயரில் இருந்தால் வீடு அவருடையது என்று முடிவு கட்டிவிடுவோமா? அது போலத்தான் இதுவும். உரிமையைத் தீர்மானிக்கும் பதிவு அது இல்லை, கடன் இருக்கிறதா என்பதும் அங்கே வராது.

ஆனால் தேடலைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து நான்கு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சட்ட விவரணை: மனை எண், பிளாக், அடிஷன் (மனைப் பிரிவு) பெயர், ஃபேஸ். கதவு எண்ணை விட இதுதான் முக்கியம். இரண்டு, கடைசிப் பத்திரத்தின் தேதியும் ஆவண எண்ணும். மூன்று, ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை, இருக்கிறதா என்பது. நான்காவதை யாரும் பார்ப்பதில்லை: உரிமையாளரின் தபால் முகவரி. வீடு ஃப்ரிஸ்கோவில், தபால் வேறு ஊருக்குப் போகிறது என்றால் அவர் அங்கே குடியில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் அர்த்தம். டெக்சாஸ் சட்டத்தில் குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கடன்காரர்களிடமிருந்து பலமான பாதுகாப்பு உண்டு. குடி பெயர்ந்து வாடகைக்கு விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். அப்போது அவர் மேல் இருக்கும் கோர்ட் தீர்ப்புக் கடன்கள் வீட்டையும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். இப்போது அவர் கட்டும் வரியை நீங்கள் கட்டப்போகும் வரி என்று நினைக்காதீர்கள். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு வரி மதிப்பு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. வீடு கை மாறினால் அந்த வரம்பு கழன்று, புது மதிப்பிலிருந்து ஆரம்பிக்கும்.

சரி, அடுத்து கவுண்டி கிளார்க். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலின் கவுண்டிக்கு மெக்கின்னியில், ப்ளூம்டேல் சாலையில் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை, அவர்கள் தளத்திலேயே தேடலாம். நகல் வேண்டுமென்றால் கவுண்டி கிளார்க் வாங்கும் கட்டணம் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகல் என்றால் அதோடு 5 டாலர் கூடுதல். ஒரு கிரயப் பத்திரம் மூன்று நான்கு பக்கம்தான் இருக்கும். 40 டாலர் கேட்ட தளம் எடுத்துத் தருவதும் இதே பதிவுகளைத்தான், பல நேரம் பழசாகிப்போன நகலை.

ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கவுண்டி கிளார்க் பத்திரத்தின் உண்மையைச் சோதிப்பதில்லை. நோட்டரி முன் கையெழுத்து, தேவையான விவரங்கள், கட்டணம், இவை இருந்தால் பதிவு செய்துவிடுவார். முத்திரைத் தாள் கட்டணம் என்று ஒன்றும் இங்கே கிடையாது. அதனால் பதிவு மலிவு, எளிது. போலிப் பத்திரம் போடுகிறவனுக்கும் அதே எளிதுதான்.

அப்ரைசல் தளத்தில் எடுத்த ஆவண எண்ணைக் கொண்டு அவர் வாங்கிய பத்திரத்தைத் திறங்கள். விலை எங்கே என்று தேடாதீர்கள், இருக்காது. பத்து டாலரும் இன்ன பிற மதிப்புள்ள பிரதிபலனும் பெற்றுக்கொண்டு என்றுதான் எழுதியிருக்கும். விற்பனை விலையைப் பகிரங்கப்படுத்தக் கட்டாயம் இல்லாத மாநிலம் இது. பத்திரத்தின் தலைப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "வாரண்டி டீட் வித் வெண்டர்ஸ் லீன்" (லீன் என்றால் பாக்கிப் பணத்துக்காகச் சொத்தின் மேல் நிற்கும் உரிமை) என்று இருந்தால் அவர் கடன் வாங்கித்தான் வாங்கினார் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. கூடவே, அநேகமாக அடுத்த ஆவண எண்ணிலேயே, "டீட் ஆஃப் டிரஸ்ட்" ஒன்று பதிவாகியிருக்கும். அதுதான் அடமானப் பத்திரம். கடன் தொகை அதில் எழுதியிருக்கும்.

"கடன் அடைச்சாச்சு" என்கிறாரே, அதற்கு ஆதாரம் "ரிலீஸ் ஆஃப் லீன்" என்ற ஆவணம். ஊரில் அடமான ரத்து ரசீது போடுவது போல. அது பதிவாகியிருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. அந்த ரிலீஸுக்குள்ளே எந்த அடமானத்தை விடுவிக்கிறது என்று ஆவண எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணும் டீட் ஆஃப் டிரஸ்டின் எண்ணும் ஒன்றுதானா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒருமுறை ரீஃபைனான்ஸ் செய்து, பழைய கடனுக்குப் பதில் புதுக் கடன் வாங்கியிருந்தால் இரண்டு அடமானம், இரண்டு ரிலீஸ் இருக்க வேண்டும். நான் ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் அடமானங்களை எழுதுவேன், வலது பக்கம் ரிலீஸ்களை. ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு இணைப்பேன். கோடு போட முடியாமல் இடது பக்கத்தில் ஏதாவது தனியாக நின்றால் அங்கே வேலை இருக்கிறது.

கடனை உண்மையிலேயே அடைத்தும் ரிலீஸ் பதிவாகாமல் போவது உண்டு. எனக்கே நடந்தது. நான் வாங்கிய முதல் வீட்டில், எனக்கு முன்னால் இருந்தவரின் கடனை வங்கி முடித்துவிட்டு ரிலீஸைப் பதிவு செய்யவே இல்லை. அந்த வங்கியும் பிறகு இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. நான் ரீஃபைனான்ஸ் செய்யப் போனபோதுதான் தெரிந்தது. ஒரு தாளுக்காக ஆறு வாரம் அலைந்தேன். அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. மனிதர் நம்பிச் சொல்லலாம், பதிவேடு வேறு மாதிரி இருக்கலாம்.

இரண்டாவது கடனையும் தேடுங்கள். 1998-லிருந்து டெக்சாஸில் சொந்த வீட்டின் மதிப்பின் மேல் ஹோம் எக்விட்டி கடன் வாங்கலாம். முதல் கடன் அடைந்து, இது மட்டும் பாக்கி இருக்கும். பலருக்கு "வீட்டுக் கடன்" என்றால் முதல் கடன்தான் நினைவுக்கு வரும். இதன் ஆவணத் தலைப்பே வேறு, "டெக்சாஸ் ஹோம் எக்விட்டி செக்யூரிட்டி இன்ஸ்ட்ருமென்ட்" என்று இருக்கும். கூரையில் சோலார் பலகை இருந்தால் அதைப் போட்ட கம்பெனியோ கடன் கொடுத்த கம்பெனியோ "ஃபிக்ஸ்சர் ஃபைலிங்" என்று ஒன்று பதிந்திருக்கலாம். சமீப வருடங்களில் கடைசி நேரத்தில் கிரயத்தை நிறுத்தும் தாள்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கூரை மாற்றியவர், நீச்சல் குளம் கட்டியவர் பணம் வராமல் போட்ட மெக்கானிக்ஸ் லீன், சங்கக் கட்டணம் பாக்கி என்று எச்ஓஏ (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) போட்டது, இவையும் அங்கேதான்.

இதுவரை சொன்னவை வீட்டோடு ஒட்டிய பதிவுகள். மனை எண், பிளாக் போட்டுத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்கும். இனி சொல்லப்போவதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

கோர்ட்டில் ஒருவர் மேல் பணத் தீர்ப்பு வந்தால், ஜெயித்தவர் அதன் சுருக்கத்தை கவுண்டி கிளார்க்கிடம் பதிந்துவிடலாம். "அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்" என்று பெயர். பத்து வருடம் உயிரோடு இருக்கும். அதில் வீட்டு மனை எண் இருக்காது. தோற்றவரின் பெயர்தான் இருக்கும். ஆனால் அந்தக் கவுண்டியில் அவருக்கு இருக்கும் நிலம் எதுவானாலும் அது போய் ஒட்டிக்கொள்ளும், ஹோம்ஸ்டெட் மட்டும் விதிவிலக்கு. மத்திய வருமான வரித் துறை போடும் வரிப் பாக்கி லீனும் அப்படித்தான், பெயரில் பதிவாகும். அதற்கு ஹோம்ஸ்டெட் பாதுகாப்பும் தடையில்லை. ஆக, நீங்கள் மனை எண்ணை வைத்து எத்தனை நாள் தேடினாலும் இவை உங்கள் கண்ணில் படாது. பெயர் போட்டுத்தான் தேட வேண்டும்.

பெயர் என்றால் நம் பெயர். இங்கே வந்த தமிழர் ஒருவரின் பெயர் எத்தனை உருவம் எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் அவர் எஸ். கார்த்திகேயன். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயர் சேர்ந்து கார்த்திகேயன் சண்முகசுந்தரம் ஆனார். வீடு வாங்கும்போது பத்திரத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போனது. பதிவேட்டில் கடைசிப் பெயர்தான் முதலில் வரும், எனவே அவர் அப்பாவின் பெயரில் உட்கார்ந்திருக்கிறார். கிரெடிட் கார்டு வழக்கில் தலைகீழாக, கார்த்திகேயன் கடைசிப் பெயர். சில இடத்தில் சண்முகம் தனி, சுந்தரம் தனி. ஆங்கிலத்தில் எழுதும்போது "சண்" என்பதற்கு எஸ்-க்குப் பின் எச் உண்டா இல்லையா, "தரம்" என்பதில் டி-க்குப் பின் எச் உண்டா இல்லையா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். விசாவில் அவர்களுடைய ஒரே பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துவிடும், முதல் பெயர் தெரியாது என்று பொருள். அது அப்படியே லைசென்ஸ், வங்கி, பத்திரம் வரை வந்துவிடும். எஃப்என்யு என்று தேடினால் பதிவேட்டில் பக்கம் பக்கமாக நம் நாட்டு ஆட்கள் வருவார்கள்.

அதனால் இப்படித் தேடுங்கள். முழுப் பெயரைத் தட்டாதீர்கள். கடைசிப் பெயரின் முதல் நான்கைந்து எழுத்து மட்டும் போட்டு, வரும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பிறகு பெயரைத் திருப்பிப் போட்டு அதே போல. பிறகு உச்சரிப்பு மாறும் எழுத்துகளை மாற்றி ஒருமுறை. மனைவி பெயரிலும் இதே மூன்று சுற்று. டெக்சாஸில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த சொத்து பொதுவாக இருவருக்கும் பொது. பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தாலும் குடியிருக்கும் வீடு என்றால் மனைவியும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். இத்தனைக்கும் ஒரு சனிக்கிழமை காலை போதும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். சுரேஷ் குமார் என்று தேடினால் பத்து தீர்ப்பு வரும், அதில் ஒன்றுகூட உங்கள் ஆளுடையதாக இருக்காது. பெயரை மட்டும் பார்த்து நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். ஆவணத்தைத் திறந்தால் முகவரி இருக்கும், சிலவற்றில் லைசென்ஸ் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இருக்கும். அதை வைத்துப் பிரித்துவிடலாம். கோயிலில் நாலு பேரிடம் சொல்வதற்கு முன் இதைச் செய்வது உங்கள் கடமை.

ஒரு சின்னத் தகவல். புது அடிஷன்களுக்கு வெளியே உள்ள பழைய நிலங்களின் சட்ட விவரணையில் "இன்னார் சர்வே, அப்ஸ்ட்ராக்ட் எண் இத்தனை" என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த இன்னார் முதன்முதலில் அந்த நிலத்தை மானியமாகப் பெற்ற குடியேறி. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த 1841-ல் பீட்டர்ஸ் காலனி என்ற பெயரில் இந்த வட பகுதியில் ஆள் குடியேற்ற ஒப்பந்தம் போட்டார்கள். குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை, தனி ஆளுக்கு 320 ஏக்கர் வரை. மூல மானியங்கள் ஆஸ்டினில் ஜெனரல் லேண்ட் ஆபீஸில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இருந்தாலும் மூலப்பத்திரம் வரை போக ஆசைப்படும் மாமனாருக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

கோர்ட் பதிவுகள் வேறு வேறு மேஜையில் இருக்கின்றன. விவாகரத்து, பெரிய சிவில் வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். உயில், வாரிசு விவகாரங்கள், கவுண்டி கோர்ட் வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம். 20,000 டாலர் வரையிலான சின்ன வழக்குகளும் வாடகைக்காரரைக் காலி செய்யும் வழக்குகளும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில். திவால் வழக்கு மட்டும் கவுண்டியில் கிடைக்காது, அது மத்திய நீதிமன்றம். பேசர் என்ற தளத்தில் கணக்குத் திறந்து தேட வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் என்றால் கட்டணமே இல்லை.

இதில் விவாகரத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். தீர்ப்பில் "வீடு கணவருக்கு" என்று எழுதியிருக்கும், ஆனால் மனைவி அதற்கான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யாமலே இருவரும் பிரிந்து போயிருப்பார்கள். கவுண்டி கிளார்க் பதிவேட்டில் இன்னும் இருவர் பெயர். சில நேரம் மனைவியின் பங்குப் பணத்துக்காக வீட்டின் மேல் ஒரு லீனும் இருக்கும். இறப்பு நடந்த வீட்டிலும் இதே கதை. அப்பா காலமாகி அம்மா விற்கிறார் என்றால், உயில் கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டதா, உயில் இல்லையென்றால் வாரிசு உறுதிமொழி பதிவானதா என்று பார்க்க வேண்டும். உங்கள் விற்பனையாளர் விஷயத்தில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டு ரியல் எஸ்டேட் வக்கீலிடம் போங்கள். அந்த முடிச்சை நானோ நீங்களோ அவிழ்க்கக் கூடாது.

"லிஸ் பென்டன்ஸ்" என்ற தலைப்பில் ஏதாவது பதிவாகியிருந்தால் அந்த வீட்டைப் பற்றியே வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கவுண்டியின் ஏல அறிவிப்புப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். டெக்சாஸில் கடன் தவறிய வீடுகளின் ஏலம் வழக்கமாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். குறைந்தது 21 நாள் முன்னால் அறிவிப்பு கவுண்டி கிளார்க்கிடம் வந்துவிட வேண்டும். அவசரமாக விற்கிறவர், ஏஜென்ட் வேண்டாம் என்கிறவர் என்றால் நான் இதைப் பார்க்காமல் விடமாட்டேன்.

சொத்து வரி பாக்கி பார்ப்பது சுலபம். டாக்ஸ் அசெசர் கலெக்டர் தளத்தில் முகவரி போட்டால் வந்துவிடும். வரி ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். கட்டாத வரி வீட்டோடு வரும், எல்லாக் கடனுக்கும் முன்னால் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும், பதிவுகளைத் தேடி, கிரயத்தை நடத்தி, உரிமைக்கு இன்சூரன்ஸ் தரும் டைட்டில் கம்பெனி இல்லாமல் கிரயம் முடிக்காதீர்கள். இதை என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை. வங்கிக் கடன் வாங்கியிருந்தால் வங்கியே வற்புறுத்தி எல்லாவற்றையும் சோதிக்க வைத்திருக்கும். நீங்கள் முழுப் பணம் கொடுப்பதால் உங்களைக் காப்பாற்ற அந்த ஒரு ஆளும் இல்லை. நோட்டரி பார்ப்பது கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானா என்பதை மட்டுமே. ஊரில் நோட்டரி என்றால் வக்கீல். இங்கே அப்படி இல்லை, அவர் பத்திரம் எழுதித் தரவும் கூடாது. டைட்டில் இன்சூரன்ஸ் பிரீமியத்தை டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறை நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலை. ஒருமுறைதான் கட்டுகிறோம். எத்தனை நன்றாகத் தேடினாலும் போலிக் கையெழுத்தைத் தேடலில் பிடிக்க முடியாது. அதற்குத்தான் இந்த இன்சூரன்ஸ்.

அவர்கள் கிரயத்துக்கு முன்னால் "டைட்டில் கமிட்மென்ட்" என்று ஒரு கட்டு அனுப்புவார்கள். உங்கள் மாமனார் கேட்கும் வில்லங்கச் சான்றுக்கு இங்கே மிக அருகில் வருவது இதுதான். பெரும்பாலோர் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு பகுதிகளைப் படியுங்கள். ஷெட்யூல் சி-யில் கிரயத்துக்கு முன் தீர்க்க வேண்டியவை இருக்கும்: இன்ன கடனுக்கு ரிலீஸ் வேண்டும், இன்ன தீர்ப்பு இவருடையது இல்லை என்று உறுதிமொழி வேண்டும் என்று. உங்கள் சனிக்கிழமைத் தேடலில் கண்டது இதில் இல்லையென்றால் தயங்காமல் போன் போட்டுக் கேளுங்கள். ஷெட்யூல் பி-யில் இருப்பவை இன்சூரன்ஸ் பொறுப்பேற்காத விஷயங்கள்: எச்ஓஏ கட்டுப்பாடுகள், மின்சாரக் கம்பிக்கான வழி உரிமை போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துக் கவுண்டி கிளார்க் தளத்தில் ஆவணத்தைத் திறந்து படித்துவிடலாம். பின்பக்கம் மாடித் தோட்டமோ தனி அறையோ கட்டும் எண்ணம் இருந்தால் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

விற்பவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள், கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர். "பணம் ஊரிலிருந்து வருகிறது, ஆடிட்டர் டைட்டில் கம்பெனி வழியாகத்தான் கொடுக்கச் சொல்கிறார்" என்றெல்லாம் காரணம் தேடாதீர்கள். "அண்ணா, எங்கள் சேமிப்பு முழுவதும் இதில் போகிறது, முறைப்படி செய்துவிடுவோம், அந்தச் செலவை நாங்களே ஏற்கிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். சுத்தமான பத்திரம் வைத்திருப்பவர் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவரோ மனைவியோ அந்த நேரம் இந்தியாவில் இருந்தால், பவர் ஆஃப் அட்டர்னியை எழுதுவதற்கு முன்பே வாசகத்தை டைட்டில் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடச் சொல்லுங்கள். எழுதிய பிறகு திருத்தினால் மறுபடி ஒரு மாதம் போகும்.

கிரயத்தன்று மேஜையில் பத்திரம் வைப்பார்கள். எல்லாத் தாளிலும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடும் முன், அந்த ஒரு தாளில் உங்கள் இருவர் பெயரும் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். லைசென்ஸில் இருப்பது போல இருக்க வேண்டும், எது கடைசிப் பெயர் என்பதும் சேர்த்து. பதிவான பிறகு திருத்தப் பத்திரம் போடலாம், ஆனால் மேஜையிலேயே பேனாவால் மாற்றச் சொல்வது ஒரு நிமிட வேலை.

வீடு வாங்கிய சில வாரத்தில் உங்களுக்கு அரசு முத்திரை போன்ற ஒன்றோடு கடிதம் வரும், உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு நூறு டாலருக்கு மேல் கட்டச் சொல்லி. அது அரசுக் கடிதம் இல்லை, குப்பையில் போடுங்கள். ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்றும் வரும். அந்த விண்ணப்பம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசம். கவுண்டி கிளார்க் தளத்தில் உங்கள் பெயரில் ஏதாவது ஆவணம் பதிவானால் தகவல் தரும் இலவச வசதி பல கவுண்டிகளில் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை நேராக ஒருமுறை, திருப்பி ஒருமுறை, மனைவி பெயரையும் அதே போல, மொத்தம் நான்கு முறை பதிந்துவையுங்கள். அன்றைக்கே உங்கள் பத்திரத்தின் ஆவண எண்ணையும் எடுத்து மாமனாருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த எண்ணை வைத்து அவரே மதுரையிலிருந்து தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.